ஆடி வருமுன் ஒரு கணக்கு

ஆடி மாதத்தை இங்கே கர்க்கடகம் என்று சொல்கிறோம். ஜூலை நடுவில் தொடங்கும். ஆகஸ்ட் நடுவில் முடியும். இந்த மாதத்துக்குக் கேரளத்தில் இன்னொரு பெயர் உண்டு. பஞ்சக் கர்க்கடகம். பட்டினி மாதம் என்று பொருள்.

ஏன் அந்தப் பெயர் வந்தது? வயலில் நெல் நிற்கும். ஆனால் கதிர் முற்றியிருக்காது. அறுவடை ஆவணியிலும் புரட்டாசியிலும்தான். போன அறுவடையின் நெல்லோ பானையின் அடிக்குப் போயிருக்கும். வெளியே விடாத மழை. கூலி வேலை கிடையாது. கடலிலும் இறங்க முடியாது. அதனால்தான் நம் பாட்டிமார் கர்க்கடகம் என்றாலே பெருமூச்சு விட்டார்கள்.

வடக்கே டெல்லி, பீகார் பக்கம் குளிர்காலம் ஏழைகளுக்குக் கஷ்டகாலம். கம்பளி வேண்டும். விறகு வேண்டும். நமக்கு அப்படிப்பட்ட குளிர் இல்லை. நமக்கு மழைக்காலம்தான் அந்தக் கஷ்டகாலம்.

"இப்போது யார் பட்டினி கிடக்கிறார்கள்? ரேஷன் அரிசி இருக்கிறதே" என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். இன்று கர்க்கடகத்தில் சோற்றுப் பானை காலியாவது குறைவு. காலியாவது வேறு ஒன்று. மணிபர்ஸ். அதற்குப் பிறகு கழுத்துச் சங்கிலி.

யாருக்கு வேலை குறைகிறது?

திருவனந்தபுரத்தில் தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் வாரத்தை ஒட்டித் தொடங்கும். அன்றிலிருந்து பாருங்கள்.

கொத்தனாருக்கும் கையாளுக்கும் வெளிப்பூச்சு வேலை நின்றுவிடும். கான்கிரீட் போடுவதைத் தள்ளிப் போடுவார்கள். வீட்டுக்கு வெள்ளை அடிப்பவருக்கு வேலை இல்லை. பப்படம் இடுகிறவர்களுக்கு வெயில் இல்லை. வெயில் இல்லாவிட்டால் பப்படம் காயாது. சலவைத் தொழிலாளியின் வீட்டில் துணி மூன்று நாள் தொங்கும். சாலைக் கடைத்தெருவில் நடைபாதையில் சாமான் விற்பவர் தார்ப்பாயை மூடுவதும் திறப்பதுமாக இருப்பார். வாங்க வருகிறவர் குடையைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்துவிடுவார்.

கடற்கரையில் இன்னும் கஷ்டம். கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாட்கள் டிராலர் படகுகளுக்குத் தடை. மீன் குஞ்சு பொரிக்கும் காலம் இது. 1988 முதல் மழைக்காலத்தில் இப்படித் தடை வைக்கிறார்கள். வள்ளக்காரர்களுக்குத் தடை இல்லை. ஆனால் பூந்துறையிலும் வலியதுறையிலும் அலை வீட்டு வாசல் வரை வருகிறது. அங்கே வள்ளத்தை எப்படி இறக்குவது? அதனால் பலர் விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு வள்ளத்தைக் கொண்டு போகிறார்கள். அங்கே அலைதடுப்புச் சுவர் உண்டு. மீன் கிடைத்தால் நல்ல காசு. கடல் விடாவிட்டால் அந்த வாரம் ஒன்றும் இல்லை.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சாவு சொல்லாமல் வரும். நோய் சொல்லாமல் வரும். கர்க்கடகம் அப்படி வருவதில்லை. காலண்டரில் அச்சடித்துத்தான் வருகிறது. தை மாதமே அது வரும் நாள் நமக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு வருடமும் அது நம்மைத் திடீரென்று பிடித்துக்கொள்வது போல ஓடுகிறோம்.

இப்போது எழுதவும் படிக்கவும் கற்றுக்கொண்டோம். கூட்டவும் கழிக்கவும் தெரியும். அந்தப் படிப்பை இங்கே பயன்படுத்திப் பார்ப்போம்.

ஒரு வீட்டின் கணக்கு

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கணவன் கொத்தனாருக்குக் கையாள். மனைவி வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கிறாள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு. வாடகை வீடு.

கணவனுக்கு ஒரு நாள் கூலி 900 ரூபாய். வெயில் காலத்தில் மாதம் 24 நாள் வேலை. 24 × 900 = 21,600 ரூபாய். தையலில் 4,000 ரூபாய். மொத்தம் 25,600 ரூபாய்.

மாதச் செலவு இது. வாடகை 6,000. சாப்பாட்டுச் சாமான் 7,500. பாலும் தேயிலையும் 1,500. கேஸ் 900. கரண்ட் 500. பஸ் 1,000. பிள்ளைகள் படிப்பு 1,500. போன் 400. மருந்து 800. கூட்டிப் பாருங்கள். 20,100 ரூபாய் வரும்.

25,600 – 20,100 = 5,500. அப்படியானால் மாதம் 5,500 ரூபாய் கையில் நிற்க வேண்டும். நிற்கிறதா?

வகுப்பில் இதைப் பலகையில் எழுதியபோது எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பின்வரிசையில் இருந்த பெரியம்மா ஒருவர் கேட்டார்:

"ஏ மக்ளே, சாயங்காலச் செலவை எழுதலியே?"

"அது என்ன செலவு பெரியம்மா?"

"வேலை முடிஞ்சு வாற வழியில உள்ள செலவு. அதை எந்த வீட்டு ஆம்பிளையும் எழுத மாட்டான்."

இன்னொரு அக்கா சொன்னார்: "லாட்டரிச் சீட்டையும் எழுது."

எழுதினோம். தினம் 50 ரூபாய்க்கு ஒரு சீட்டு. 30 நாளைக்கு 1,500 ரூபாய். பலகையில் அந்த எண்ணைப் பார்த்ததும் வகுப்பில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. சீட்டு வாங்கும்போது 50 ரூபாய்தான் தெரிகிறது. 1,500 எழுதினால்தான் தெரிகிறது. கல்யாண மொய், கோயில் திருவிழா, ஊருக்குப் போய்வரும் செலவு என்று ஒவ்வொன்றாக வந்தது. மொய்யையும் திருவிழாவையும் விட்டுவிடச் சொல்ல நான் ஆள் இல்லை. நாலு பேரோடு வாழ்கிறோம். எழுதி வைப்போம் என்று மட்டும்தான் சொல்கிறேன்.

இனி மழைக்காலத்துக்கு வருவோம். வேலை 24 நாளிலிருந்து 12 நாளாகக் குறைகிறது. 12 × 900 = 10,800 ரூபாய். தையலும் குறைந்து 3,000 ஆகிறது. மொத்தம் 13,800 ரூபாய். செலவு குறையவில்லை. அதே 20,100.

20,100 – 13,800 = 6,300. ஒரு மாதத்துக்கு இவ்வளவு பற்றாக்குறை. இரண்டு மாதத்துக்கு 12,600.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும். பை, குடை, செருப்பு, நோட்டு. இரண்டு பிள்ளைகளுக்கு 4,000 ரூபாய் வைத்துக்கொள்வோம். 12,600 + 4,000 = 16,600.

இந்த 16,600 தான் அந்த வீட்டின் கர்க்கடகம்.

இதுவரை அந்தக் குடும்பத்துக்கு மழைக்காலம் என்பது ஒரு பயம். இப்போது அது ஒரு தொகை. தொகை என்றால் வகுக்கலாம். தை முதல் வைகாசி வரை ஐந்து மாதம். ஏறக்குறைய 21 வாரம். வாரம் 800 ரூபாய் எடுத்து வைத்தால் 21 × 800 = 16,800. மழைக்காலம் கடந்துவிடும். 200 ரூபாய் மீதியும் இருக்கும்.

வாரம் 800 பெரிய பணம்தான். ஒரு நாள் கூலிக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் அந்தப் பணம் வெயில் காலத்துக் கணக்கில் இருக்கிறது. மீதி 5,500 என்று நாமே எழுதினோம்.

இதைச் சித்திரையில் படிக்கிறீர்களா? எட்டு வாரம்தான் மிச்சம் இருக்கிறதா? அப்போதும் 8 × 800 = 6,400 சேரும். கடன் வாங்க வேண்டிய தொகை 16,600 இல்லை, 10,200 தான். சின்னக் கடனுக்குச் சின்ன வட்டி.

கடனின் கணக்கு

எடுத்து வைக்காத வீட்டில் என்ன நடக்கும்? தெரிந்த கதைதான். வட்டிக்காரர் வீட்டு வாசலுக்கே வருவார். நம் ஊரில் பிளேடு என்பார்கள். பெயரே சொல்லிவிடுகிறது. கழுத்தை அறுக்கும் வட்டி.

100 ரூபாய்க்கு மாதம் 10 ரூபாய் வட்டி என்று வைத்துக்கொள்வோம். 15,000 வாங்கினால் மாதம் 1,500 வட்டி. ஆடியில் வாங்கிய கடனை மார்கழியில் திருப்பினால் ஆறு மாதம். 6 × 1,500 = 9,000 ரூபாய் வட்டி. முதல் 15,000 தனி.

அதே 15,000 ரூபாயை 100-க்கு மாதம் 1 ரூபாய் வட்டியில் வாங்கினால்? மாதம் 150. ஆறு மாதத்துக்கு 900.

9,000 – 900 = 8,100. கையாள் வேலைக்குப் போகும் ஒருவருக்கு இது ஒன்பது நாள் கூலி. ஒன்பது நாள் சிமெண்ட் சட்டி சுமந்தது வட்டிக்காரருக்காக.

தினக் கடன் இன்னொரு வகை. சீட்டில் 10,000 என்று எழுதுவார். கையில் 8,500 தருவார். நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். முதல் நாளே 1,500 போய்விட்டது. மழை பெய்து வேலை இல்லாத நாளிலும் 100 ரூபாய் கட்ட வேண்டும். மழைக்காலத்துக்காக வாங்கிய கடனை மழை நாளிலேயே கட்டச் சொல்வது இது. இந்தக் கடனை மட்டும் வாங்காதீர்கள்.

இதனால் குடும்பங்கள் அழிந்திருக்கின்றன. 2014-ல் கேரள அரசு 'ஆபரேஷன் குபேரா' என்ற பெயரில் கொடுவட்டிக்காரர்கள் மேல் போலீஸ் நடவடிக்கை எடுத்தது. உரிமம் இல்லாமல் வட்டிக்கு விடுவது குற்றம். அதிக வட்டியும் குற்றம். மிரட்டினால் போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுக்கலாம். வெற்றுத் தாளில், வெற்றுச் செக்கில் கையெழுத்துப் போடாதீர்கள். முன்பு கைநாட்டு வைத்தோம். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. இப்போது படிக்கத் தெரியும். படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

சங்கிலியை அடகு வைக்க வேண்டி வந்தால் கூட்டுறவு வங்கிக்கோ மற்ற வங்கிக்கோ போங்கள். சீட்டைக் கையில் வாங்கியதும் அங்கேயே நின்று படியுங்கள். எத்தனை கிராம்? வட்டி எவ்வளவு? எந்தத் தேதிக்குள் மீட்க வேண்டும்? அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். தேதி தவறி நகை ஏலத்துக்குப் போன பிறகு கவுண்டரில் நின்று அழுது பயன் இல்லை.

பணத்தை எங்கே வைப்பது?

தகர டப்பாவில் வைக்கலாம். ஆனால் டப்பா கைக்கு எட்டும். அதுதான் அதன் குறை.

குடும்பஸ்ரீ அயல்கூட்டம் நல்ல வழி. இந்தத் திட்டம் 1998-ல் தொடங்கியது. வாரம் ஒரு முறை கூடுவார்கள். ஒவ்வொருவரும் முடிந்த தொகையைச் சேமிப்பாகப் போடுவார்கள். பாஸ்புக்கில் எழுதுவார்கள். அவசரத்துக்கு அந்தப் பணத்திலிருந்தே கடனும் கிடைக்கும். வட்டி குறைவு. எவ்வளவு என்று உங்கள் கூட்டத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ் பேசுகிற நம் பெண்களில் சிலர் "மலையாளம் சரியாகப் பேச வராது" என்று கூச்சப்பட்டுப் போகாமல் இருக்கிறார்கள். கூச்சம் வேண்டாம். அங்கே தேவைப்படுவது பெயர் எழுதவும் எண் படிக்கவும் தெரிவதுதான். அது உங்களுக்குத் தெரியும்.

தபால் ஆபீசிலும் கணக்குத் தொடங்கலாம். சீட்டுப் போடுவதாக இருந்தால் பதிவு பெற்ற சீட்டாகப் பாருங்கள். கே.எஸ்.எஃப்.இ. அரசு நிறுவனம். 1969 முதல் சிட்டி நடத்துகிறது. சீட்டு கையில் வரும் மாதம் ஆனி, ஆடியாக அமைந்தால் நல்லது.

கடற்கரையில் இதே யோசனையை அரசே ஒரு திட்டமாக வைத்திருக்கிறது. சேமிப்பு – நிவாரணத் திட்டம் என்று பெயர். மீனவர் வேலை உள்ள மாதங்களில் சிறிது சிறிதாக 1,500 ரூபாய் கட்டுவார். மாநில அரசு 1,500 ரூபாய், மத்திய அரசு 1,500 ரூபாய் சேர்க்கும். மொத்தம் 4,500 ரூபாய் கஷ்ட மாதங்களில் திரும்பக் கிடைக்கும். உங்கள் வீட்டில் மீனவர் இருந்தால் மத்ஸ்யபவனில் கேளுங்கள். நம் பங்கைக் கட்டினால்தான் மற்ற இரண்டு பங்கும் வரும். இதை மறந்துவிடுகிற வீடுகள் உண்டு.

சாமான் சேர்ப்பது

1942-ல் ஒரு பெரிய கஷ்டம் வந்தது. அப்போது இது திருவிதாங்கூர் ராஜ்யம். கன்னியாகுமரிப் பக்கமும் இதில்தான் இருந்தது. நம் ஊரில் விளைந்த நெல் போதாது. பர்மாவிலிருந்து கப்பலில் அரிசி வந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் பர்மாவைப் பிடித்தது. அரிசிக் கப்பல் நின்றது. கடையில் அரிசி இல்லை. ரேஷன் வந்தது. பலர் பட்டினியால் இறந்தார்கள். அன்று பல வீடுகளைக் காப்பாற்றியது மரச்சீனிக் கிழங்கு. அதை இந்த நாட்டில் பரப்பியவர் விசாகம் திருநாள் மகாராஜா. 1880 முதல் 1885 வரை ஆண்டார். அவர் பரப்பிய கிழங்கு அறுபது வருடம் கழித்து உயிர் காத்தது.

இப்போதும் மரச்சீனியைக் கர்க்கடகத்துக்கு வைத்துக்கொள்ளலாம். தை, மாசி வெயிலில் விலை மலிந்த நேரம் வாங்குங்கள். தோல் சீவி, வில்லையாக நறுக்கி, அரை வேக்காடு வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டுங்கள். நல்ல வெயிலில் பாயில் போட்டுக் காயவையுங்கள். ஒடித்தால் 'டப்' என்று ஒடிய வேண்டும். பிறகு மூடியுள்ள டின்னில் வையுங்கள். சமைப்பதற்கு முந்தின இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரையும் கொட்டிவிடுங்கள். மரச்சீனியில் ஒரு விஷச்சத்து உண்டு. கசக்கும் கிழங்கில் அது அதிகம். தண்ணீர் தாராளமாக விட்டு வேகவைத்துக் கொட்டினால் குறைந்துவிடும். பச்சைக் கிழங்கைக் கடிக்கப் பிள்ளைகளை விடாதீர்கள். எந்த ரகம் நல்லது என்று கேட்க நம் ஊரிலேயே இடம் இருக்கிறது. ஸ்ரீகாரியத்தில் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் 1963 முதல் வேலை செய்கிறது.

சக்கைக்கொட்டையை யாரும் எறிய வேண்டாம். கழுவி, நிழலில் உலர்த்தி, உலர்ந்த மணலோடு பானையில் போட்டு வைத்தால் மழைக்காலத்துக்குக் கறி இருக்கும். மாங்காயை உப்பில் போடுவதும், கருவாடு வாங்கி வைப்பதும், வத்தல் வடகம் போடுவதும் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. என் அம்மா இந்த விஷயத்தில் என்னை வகுப்பில் உட்கார வைத்துவிடுவார்.

மூட்டை மூட்டையாக அரிசி வாங்கிச் சேர்க்கத் தேவையில்லை. ஈரக்காற்றில் வண்டு விழும். மிளகாய், மல்லி, புளி, பயறு வகைகளைச் சித்திரையில் வாங்கி ஒரு வெயில் காட்டி வைத்தால் போதும். மாவேலி ஸ்டோரில் ரேஷன் கார்டுக்கு 13 சாமான் குறைந்த விலையில் உண்டு. சில நேரம் சில சாமான் இருக்காது. வந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

ரேஷன் கார்டின் நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் கார்டுக்குக் குடும்பத்துக்கு மாதம் 35 கிலோ தானியம். ரோஸ் கார்டுக்கு ஆளுக்கு 5 கிலோ. 2023 ஜனவரி முதல் தேசிய உணவுச் சட்டப்படி இந்த அரிசிக்கு விலை கிடையாது. நீல, வெள்ளைக் கார்டுக்கு அளவும் விலையும் வேறு. மஞ்சள், ரோஸ் கார்டுக்காரர்கள் தொடர்ந்து மூன்று மாதம் சாமான் வாங்காமல் விட்டால் கார்டு அந்தப் பட்டியலிலிருந்து போய்விடும். ஊருக்குப் போனாலும் இதை மறக்க வேண்டாம்.

காய்ச்சல் வந்தால்

மழைக்காலத்தில் கணக்கைக் கவிழ்ப்பது காய்ச்சல். ஒரு வாரம் படுத்தால் ஒரு வாரக் கூலி போயிற்று. மருந்துச் செலவு தனி.

எலிக்காய்ச்சல் இங்கே அதிகம். எலியின் மூத்திரம் கலந்த தண்ணீரில் நடக்கும்போது, காலில் உள்ள புண் வழியே கிருமி உள்ளே போகும். ஓடை சுத்தம் செய்பவர்கள், தேங்கிய தண்ணீரில் வேலை செய்பவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். டாக்சிசைக்ளின் என்ற மாத்திரை தருவார்கள். அவர்கள் சொல்கிற அளவில் சாப்பிட வேண்டும். காய்ச்சலோடு கால் சதையில் கடும் வலியோ கண் சிவப்போ இருந்தால் கடையில் மாத்திரை வாங்கி நாள் கடத்தாதீர்கள். தாமதித்தால் உயிருக்கு ஆபத்து. தண்ணீரில் இறங்கி வேலை செய்ததை டாக்டரிடம் சொல்லுங்கள். அது முக்கியம்.

டெங்குக் கொசு நல்ல தண்ணீரில் முட்டை இடும். சிரட்டை, பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டு. ஞாயிற்றுக்கிழமை தோறும் இவற்றைக் கவிழ்த்துக் கொட்டுங்கள். இதற்குக் காசு செலவில்லை. சந்தேகம் கேட்க 1056 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். அரசு வைத்திருக்கும் சுகாதார உதவி எண் அது.

இரண்டு கஷ்டம் ஒன்றாக வந்தால்

சில வருடம் கர்க்கடகம் தனியாக வருவதில்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தது. பூந்துறை, விழிஞ்ஞம் பக்கம் கடலுக்குப் போன பலர் திரும்பவில்லை. 2018 ஆகஸ்டில் கேரளம் முழுவதும் பெருவெள்ளம். 2023 அக்டோபரில் நகருக்கு உள்ளேயே ஆமையிழஞ்சான் தோடு நிரம்பி வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது.

2020 தான் எல்லாவற்றிலும் மோசம். மார்ச் 25-ஆம் தேதி கொரோனாவுக்காக நாடு முழுவதும் அடைத்தார்கள். கட்டட வேலை நின்றது. வளைகுடாவில் வேலை செய்தவர்கள் பலர் வேலை இழந்து திரும்பினார்கள். அவர்கள் அனுப்பும் பணத்தில் நடந்த வீடு கட்டும் வேலையும் நின்றது. தை முதல் வைகாசி வரை என்றேனே, அந்தச் சேமிப்புக் காலத்தில் பாதி அப்படியே போயிற்று. ஜூன் வந்தது. மழை வந்தது. ஜூலை 6-ஆம் தேதி திருவனந்தபுரம் நகரில் மூன்றடுக்கு ஊரடங்கு. ஜூலை 17-ஆம் தேதி பூந்துறையிலும் புல்லுவிளையிலும் நோய் சமூகப் பரவலாகிவிட்டது என்று முதலமைச்சர் அறிவித்தார். அன்று கர்க்கடக மாதம் பிறந்த நேரம். கடலும் இல்லை, கரையும் இல்லை.

அரசு எல்லா ரேஷன் கார்டுக்கும் மளிகைச் சாமான் பை கொடுத்தது. குடும்பஸ்ரீ பெண்கள் சமூகச் சமையலறை நடத்தினார்கள். அதனால் சாப்பாடு கிடைத்தது. வாடகையும் வட்டியும் பையில் வரவில்லை. எங்கள் தெருவில் அன்று தாக்குப் பிடித்தவர்கள் அதிகம் சம்பாதித்தவர்கள் அல்ல. முந்தின வருடத்துக் கடன் இல்லாதவர்கள். போன கர்க்கடகத்தில் வாங்கிய கடனுக்கு இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருந்த வீடுகள்தான் முதலில் உட்கார்ந்தன.

அடுத்து எந்தக் கஷ்டம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வேலை குறைகிறது என்ற பேச்சு கேட்டால் உடனே வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். பிள்ளைகளும் இருக்கட்டும். எதை நிறுத்தலாம், எதை நிறுத்தக்கூடாது என்று தாளில் எழுதுங்கள். முதலில் பாலை நிறுத்துவது நம் வழக்கம். பிறகு பெண் பிள்ளையின் படிப்பு. அம்மாவின் மருந்து. இந்த மூன்றையும் கடைசி வரிசைக்குத் தள்ளுங்கள். தவணையில் புது மிக்சி, புது போன் வாங்கும் யோசனை முதல் வரிசையில் போகட்டும். வாடகை தர முடியாது என்று தெரிந்தால் மாதம் முடியுமுன் வீட்டுக்காரரிடம் போய்ச் சொல்லுங்கள். ஒளிந்து நடக்க வேண்டாம். மாதம் பாதி பாதியாகத் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். பல பேர் கேட்பார்கள். கேட்காதவர்களும் உண்டு.

காகிதங்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2018 வெள்ளத்தில் பலர் ரேஷன் கார்டையும் ஆதாரத்தையும் பட்டாவையும் இழந்தார்கள். பிறகு ஆபீஸ் ஆபீஸாக நடந்தார்கள். கார்டு, ஆதார், பாஸ்புக், சிகிச்சை இன்ஷூரன்ஸ் அட்டை, நகைச் சீட்டு எல்லாவற்றையும் கெட்டியான பிளாஸ்டிக் உறையில் போட்டு உயரத்தில் வையுங்கள். எங்கே இருக்கிறது என்று வீட்டில் இரண்டு பேருக்காவது தெரிய வேண்டும். வைகாசிக்குள் உடைந்த ஓட்டை மாற்றி, தகரத்தை இறுக்கி, மேலே சாய்ந்து நிற்கும் கொம்பை வெட்டிவிடுங்கள். கரண்ட் கம்பி அறுந்து கிடந்தால் தொடாதீர்கள். 1912-க்குச் சொல்லுங்கள்.

எழுதிப் பாருங்கள்

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு கோடு போடுங்கள். இடது பக்கம் உங்கள் வீட்டின் வெயில் கால வரவு. வலது பக்கம் மழைக் கால வரவு. இரண்டுக்கும் கீழே மாதச் செலவை எழுதுங்கள். சாயங்காலச் செலவையும் விடாதீர்கள்.

மழைக்கால மாதச் செலவிலிருந்து மழைக்கால மாத வரவைக் கழியுங்கள். வந்த எண்ணை 2-ஆல் பெருக்குங்கள். பள்ளிக்கூடச் செலவைக் கூட்டுங்கள். இன்றிலிருந்து ஜூன் முதல் தேதி வரை எத்தனை வாரம் என்று காலண்டரில் எண்ணுங்கள். அந்த எண்ணால் வகுங்கள். வந்த விடையைத் தாளின் அடியில் பெரிதாக எழுதுங்கள்.

வகுத்தலில் சிக்கினால் அடுத்த வகுப்புக்குத் தாளைக் கொண்டு வாருங்கள். வீட்டுக் கணக்கை மற்றவர் பார்க்க வேண்டாம் என்று தோன்றினால் தாளை மடித்து அந்த ஒரு வரியை மட்டும் காட்டுங்கள். அதைச் சேர்ந்து போட்டுப் பார்ப்போம்.